இறால் ரேட்டை யார் எழுதுவது?

தமிழ் நாளிதழ்களின் ஆசிரியர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடும்பத்துக்கு ஒரு விசைப்படகில் பங்கு உண்டு. வரவு செலவு எழுதுவது நான். பேப்பரைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவன் என்ற உரிமையில்தான் இந்த மடல்.

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டதை முதல் பக்கத்தில் போட்டீர்கள். சரி. அந்தச் செய்தி எங்கள் கரைக்கு வந்து சேர்ந்த விதம் வேறு. இறாலுக்கு ரேட் கேட்டால், "அமெரிக்காக்காரன் வரி போட்டுட்டான், நான் என்ன செய்ய?" என்றார் வியாபாரி. கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்று பார்த்து, அந்தக் கவுண்டை வைத்துத்தான் விலை. கவுண்ட் பார்ப்பதும் அவர், விலை சொல்வதும் அவர். எங்கள் சரக்கு நிஜமாகவே அமெரிக்கா போகிறதா, ஏற்றுமதி கம்பெனி அவருக்கு என்ன கொடுக்கிறது, அன்றைக்குத் தூத்துக்குடியில் என்ன ரேட்? ஒன்றும் தெரியாது. இறால் காத்திருக்காது, கொடுத்துவிட்டு வந்தோம். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். அதை விசாரித்து எழுத ஆளில்லை என்பதுதான் என் புகார்.

இலங்கைக் கடற்படை மீனவர்களைப் பிடித்தால் மாவட்டப் பக்கத்தில் வருகிறது, வரத்தான் வேண்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் என்பதும் வருடாவருடம் வருகிறது. ஆனால் தடை முடிந்து டீசலுக்கும் ஐஸுக்கும் யாரிடம் முன்பணம் வாங்கினோமோ, அவர் சொன்ன விலைக்கே மீனைப் போட வேண்டியிருப்பது வருவதில்லை. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் படித்தேன். அதனால் விவசாயிக்கு மூட்டைக்கு என்ன கூடியது என்று அப்புறம் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

நிருபர்களைக் குறை சொல்லி என்ன பயன்? பலர் பகுதிநேரம், செய்திக்கு இவ்வளவு என்று கூலி. விளம்பரமும் அவர்களே பிடித்துத் தர வேண்டியிருக்கிறது. பொங்கல் வாழ்த்து விளம்பரம் கொடுக்கிற முதலாளியிடம் போய், "என்ன விலைக்கு வாங்கி என்ன விலைக்கு விக்கிறீங்க?" என்று எந்த மனுஷன் கேட்பான்? விளம்பரமெல்லாம் செல்போனுக்குப் போய்விட்டது, உங்களுக்கும் கை கடிக்கிறது, புரிகிறது. வாட்ஸ்அப்பில்தான் ரேட் வருகிறதே என்பீர்கள். வருகிறது. போடுவது பெரும்பாலும் வாங்குகிறவர்களின் ஆள்.

இன்னொன்று. கடலோரத்தில் பெரிய திட்டம் ஏதாவது வந்தால், 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தந்து, தமிழ் நாளிதழிலும் அறிவிப்புப் போட வேண்டும். பொடி எழுத்தில் போட்டுக் காசு வாங்கிக்கொள்கிறீர்கள். அந்தத் திட்டத்தால் எந்தக் கரைக்குப் பாதிப்பு என்று பக்கத்திலேயே நாலு வரி எழுதக் கூடாதா?

நான் கேட்பது பெரிதில்லை. தங்கம் விலை தினமும் போடுகிறீர்கள். விசைப்படகு கரைக்கு வரும் நாள்களில் பாம்பன், ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி ரேட்டையும், பக்கத்திலேயே தூத்துக்குடி, நாகப்பட்டினம் ரேட்டையும் போடுங்கள். அதற்கு மாவட்டத்துக்கு ஒரு நிருபர், மாதச் சம்பளத்தில், விளம்பரம் பிடிக்கிற வேலை இல்லாமல். பேப்பர் விலையில் ஒரு ரூபாய் ஏற்றினாலும் வாங்குகிறோம்.

அப்படி ஒருவரை அனுப்பினால் என் கணக்கு நோட்டை அவர் முன்னால் விரித்து வைக்கிறேன். வியாபாரிகளிடமும் அதே மாதிரி கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாம்பன் வாசகன்