எங்கள் விண்ணப்பத்தை யார் படிப்பது?

மதிப்பிற்குரிய ஆராய்ச்சி நிதிக் குழுவினருக்கு,

வணக்கம். மனிதத் திசுக்களை முப்பரிமாணமாக வளர்க்கும் ஆய்வுக்காக நாங்கள் அனுப்பிய விண்ணப்பம் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. இதில் பொறியியல் அதிகம் என்கிறது உயிரியல் பிரிவு. இதை உயிரியலாளர்கள்தான் பார்க்க வேண்டும் என்கிறது பொறியியல் பிரிவு. ஆய்வு சரியில்லை என்று இரண்டு பிரிவுமே சொல்லவில்லை. எனக்குத் தாங்க முடியாதது அதுதான்.

இந்த ஆய்வு எதற்கு என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம் வரை வந்த மருந்துகளில் பத்துக்கு ஒன்பது தேறாமல் போவதும், உறுப்புக்காகக் காத்திருந்தே பலர் இறந்துபோவதும் நீங்கள் அறிந்தவைதான். நாங்கள் கேட்பது ஒன்றுதான். உயிரியலாளர், வேதியியலாளர், பொறியாளர், அறுவை மருத்துவர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்கும் கூட்டுக் குழு ஒன்று வேண்டும். அந்தக் குழு தரும் நிதி ஐந்து ஆண்டுகளாவது நடுவில் அறுபடாமல் வர வேண்டும்.

ஏன் ஒரே மேசை என்கிறேன்? கல்லீரல் செல்களை ஜெல்லில் கலந்து சில மில்லிமீட்டர் கனத்துக்கு வளர்த்துப் பாருங்கள். சில நாள் கழித்து அதைக் குறுக்கே வெட்டிச் சாயமிட்டு நுண்ணோக்கியில் வைத்தால், ஓரத்தில் மட்டும் உயிருள்ள செல்கள் பச்சையாக ஒளிரும். உள்ளே முழுக்கச் சிவப்பு. எல்லாம் செத்த செல்கள். வெளியே இருக்கும் திரவத்திலிருந்து ஆக்சிஜன் தானாக ஊறிப் போவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்குதான். நம் உடலில் அநேகமாக ஒவ்வொரு செல்லுக்கும் அந்தத் தூரத்துக்குள்ளேயே ஒரு ரத்தத் தந்துகி, அதாவது மிக நுண்ணிய ரத்தக் குழாய், ஓடுகிறது. எங்கள் ஜெல்லுக்குள் அதை நாங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

2012இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்ணாடி போல இறுகும் சர்க்கரையை வலைப்பின்னலாக அச்சிட்டு, அதைச் சுற்றிச் செல்கள் கலந்த ஜெல்லை ஊற்றினார்கள். பிறகு சர்க்கரையைக் கரைத்து வெளியேற்றினார்கள். அது இருந்த இடமெல்லாம் ரத்தம் பாயக்கூடிய குழாய்களாக நின்றது. இந்த வேலையை எந்தப் பிரிவில் சேர்ப்பீர்கள்? குழாய் நொறுங்காத அளவுக்கு ஜெல் உறுதியாக இருக்க வேண்டும், செல்கள் நகரும் அளவுக்கு இளகியும் இருக்க வேண்டும் என்பது வேதியியலாளரின் கவலை. எந்த வேகத்தில் திரவம் ஓடினால் நாளத்தின் உட்சுவர்ச் செல்கள் பிய்ந்து போகாது என்று கணக்கிடுபவர் பொறியாளர். இத்தனையும் ஆன பிறகு, இதில் தையல் நிற்காது என்று அறுவை மருத்துவர் சொன்னால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

தோலில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. 1975இல் ரைன்வால்ட், கிரீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மனிதத் தோல் செல்களை ஆய்வகத்தில் பெருக்கிக் காட்டினார்கள். 2017இல் வெளிவந்த ஆய்வில், பரம்பரைத் தோல் நோயால் சாகும் நிலையிலிருந்த ஒரு சிறுவனின் மேல்தோலில் சுமார் 80 சதவீதம், மரபணுவைத் திருத்தி வளர்த்த தோலால் மாற்றப்பட்டிருந்தது. அந்தத் தோல் மெல்லிய விரிப்பு. அடியில் இருக்கும் திசுவே அதற்கு ஊட்டம் கொடுத்துவிடும். அதற்கே நாற்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. கல்லீரலுக்கும் இதயத் தசைக்கும் மூன்று ஆண்டுத் திட்டம் போடச் சொல்கிறீர்கள்.

அந்த மூன்று ஆண்டுக்கும் அடுத்த மூன்று ஆண்டுக்கும் நடுவே விழும் இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வளரும் திசுவுக்கு விடுமுறை கிடையாது. திசுவுக்குள் ஊட்டத் திரவத்தை ஓட்டும் பம்ப் நிற்கக் கூடாது, திரவத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தனிச் செல்கள் என்றால் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறைய வைத்துக் காத்திருக்கலாம். நாளங்கள் ஓடும் தடித்த திசுவை அப்படி வைக்க முடியாது, பனிப்படிகங்கள் கிழித்துவிடும். போன முறை நிதி நின்றபோது பம்புகளைப் பார்த்துக்கொண்ட பொறியாளருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை, அவர் போய்விட்டார். வாரக்கணக்கில் உயிரோடு வைத்திருந்த திசுக்களின் மேல் எங்கள் மாணவி ப்ளீச் ஊற்றி அவற்றை அழித்தாள். இளஞ்சிவப்புத் திரவம் கண்ணெதிரே வெளுத்தது. அவள் அதைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போனாள். உங்கள் கோப்பில் அது 'திட்டக் காலம் நிறைவு' என்று பதிவாகியிருக்கும்.

இது எங்கள் ஆய்வகத்தோடு நிற்கும் விஷயமும் இல்லை. எங்கும் கருவி வாங்கப் பணம் கிடைக்கிறது, அதை ஓட்டும் ஆளுக்குக் கிடைப்பதில்லை. இரண்டு துறை கற்ற இளைஞரை வேலைக்கு எடுக்க இரண்டு துறையும் தயங்குகின்றன. பல்துறை ஆய்வு வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள், விண்ணப்பப் படிவத்தில் 'ஒரு துறையை மட்டும் தேர்ந்தெடுக்கவும்' என்று போடுகிறார்கள். சரி, அதையெல்லாம் இந்த ஒரு மடலில் தீர்க்க முடியாது. கோபத்தில் எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்க வந்தது கூட்டுக் குழுவும் ஐந்தாண்டு நிதியும்தான். குழு அமைக்க நாளாகும் என்றால், அதுவரை உயிரோடு இருக்கும் திசுக்களைக் காப்பாற்றவும் அவற்றைப் பராமரிப்பவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் இடைக்கால நிதி ஒன்றை ஒதுக்கித் தாருங்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திசுப் பொறியியல் ஆய்வாளர் ஒருவர்