அது மினி அல்ல, ஹில்மேன் இம்ப்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

பிரிட்டனில் பழைய சின்னக் கார்களைப் பிரித்துச் சீர்செய்து ராலிக்கு ஓட்டுகிறவர்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நம் பத்திரிகையில் இப்படியொரு விஷயம் வருவது அபூர்வம். அந்தச் சந்தோஷத்தில் பாதியை முதல் படமே தின்றுவிட்டது. கீழே ‘மினி கூப்பர்’ என்று போட்டிருக்கிறீர்கள். அது மினி அல்ல, பிரிட்டனின் இன்னொரு சின்னக் காரான ஹில்மேன் இம்ப்.

கோவை கணபதியில் நாற்பத்தோரு வருஷம் லேத் ஓட்டியவனுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மகள் வீடு ஸ்காட்லாந்தில், பெய்ஸ்லியில். அங்கே ஆறு மாதம் தங்கியிருந்தேன். இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர், தன் ஷெட்டில் ஓர் இம்ப்பை எலும்புக்கூடாகப் பிரித்துப் போட்டிருந்தார். தினமும் டீ குடித்துவிட்டு அங்கே போய்விடுவேன். என் இங்கிலீஷ் அவருக்குப் பிடிபடாது, அவருடைய இங்கிலீஷ் எனக்குப் பிடிபடாது. வெர்னியர் அளவுகோலைக் காட்டிக் காட்டியே பேசிக்கொண்டோம்.

அவர் பதினாறு வயதில் பக்கத்து ஊரான லின்வுட்டில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர். ஹில்மேன் கார்களைச் செய்த ரூட்ஸ் கம்பெனி 1963-இல் இந்த ஒரு காருக்காகவே அங்கே தொழிற்சாலை திறந்தது. எஞ்சின் பிளாக்கை லின்வுட்டில் வார்ப்பார்கள். மெஷினிங் செய்ய கவென்ட்ரி பக்கம் ரைட்டனுக்குச் சுமார் 300 மைல் அனுப்புவார்கள். பிறகு அதே 300 மைல் திரும்பக் கொண்டுவந்து காரில் ஏற்றுவார்கள். கணபதியில் இந்தத் தெருவில் வார்த்ததை அடுத்த தெருவில் கடைவதற்குக் கொடுத்த வண்டி வாடகைக்கே நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம்! 1976-இல் இம்ப் உற்பத்தி நின்றது, 1981-இல் தொழிற்சாலையும் மூடியது.

கட்டுரையில் இன்னொரு வரி, “வெளியேதான் பழசு, உள்ளே எல்லாம் நவீன இயந்திரம்” என்பது. இதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. சர்வதேசப் பழங்கார் போட்டிகளுக்கு, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. வைத்திருக்கும் விதிகளுக்கு அப்பெண்டிக்ஸ் கே என்று பெயர். அந்த மாடல் அந்தக் காலத்தில் எப்படி ஓடியதோ அப்படித்தான் இப்போதும் ஓட வேண்டும் என்பதே அதன் சாரம். அன்று டிரம் பிரேக்தான் என்று ஆவணம் சொன்னால், டிஸ்க் மாட்ட ஆசைப்பட்டாலும் மாட்ட முடியாது. உயிர் காக்கும் இரும்புக் கூண்டு, பெல்ட், தீயணைப்பான் இவற்றுக்குத்தான் தளர்வு. பெரியவரின் மேஜையில் ஸ்பேனரைவிடப் பழைய காகிதம்தான் அதிகம் கிடந்தது.

அந்த எஞ்சினைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முழுக்க அலுமினியம், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் எஞ்சின் ஹெட்டிலேயே, 875 சிசி. தீயணைப்பு பம்புக்காகப் பிறந்த கவென்ட்ரி கிளைமாக்ஸ் கம்பெனி எஞ்சினின் வம்சம். 45 டிகிரி சாய்த்துப் பின்னால் படுக்க வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே ரேடியேட்டர். போட்டிக்கென்று 998 சிசியாகப் பெரிதாக்கியதும் உண்டு, பெரியவருடையது அதுதான். ‘இம்ப் என்றால் சூடாகும், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் கேஸ்கட் போகும்’ என்று அந்த ஊரில் இன்றும் பேச்சு. ஹெட்டைக் கழற்றியபோது பார்த்தேன். தண்ணீர் போகும் ஓட்டைகளைச் சுற்றி அலுமினியம் கரையான் அரித்த மரம் மாதிரி இருந்தது. முன்பு வைத்திருந்தவர்கள் கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரிலேயே ஓட்டியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு உள்ளே மாட்டிய காற்றை எடுத்துவிடவும் இல்லை. அலுமினியத்தில் இப்படிச் செய்தால் எந்த எஞ்சின் தாங்கும்? அரித்த இடத்தில் வெல்டிங் வைத்து நிரப்பி, ஃபேஸ் அடித்து, மட்டம் பார்க்கவே பன்னிரண்டு நாள் ஆயிற்று.

டயர் காற்றும் அப்படித்தான். முன்னே 18, பின்னே 30 பவுண்டு வைக்க வேண்டிய கார் இது. நாலுக்கும் ஒரே அளவு அடித்துவிட்டு, வளைவில் வால் வீசுகிறது என்று காரைத் திட்டுவார்கள். கியர் ராடைத் தாங்கும் வளையமான ஒரு புஷ் தேய்ந்து ஆடியது. அதை மட்டும் நான் பெரியவருடைய சின்ன லேத்தில் வெண்கலத்தில் கடைந்து கொடுத்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன், பெருமைக்காகத்தான்.

அவர் போனது நேர ஒழுங்கு ராலி. பொதுச் சாலையில் சராசரி மணிக்கு 30 மைலுக்கு மேல் வைக்கக் கூடாது. நம் சத்தி ரோட்டு டவுன் பஸ் அதைவிட வேகம் என்று சிரித்தேன். பனி விழுந்த இரவில், ஒற்றைத் தட சந்தில், குறித்த நேரத்துக்கு ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் தண்டப் புள்ளி என்றதும் சிரிப்பு நின்றது. பக்கத்து இருக்கையில் கடிகாரமும் வரைபடமுமாக அவருடைய பேத்தி.

கடைசியாக ஒன்று. கட்டுரையில் மினியின் மான்டி கார்லோ ராலி வெற்றிகளை எழுதியிருக்கிறீர்கள், நியாயம்தான். ஆனால் 1965-இல் நெதர்லாந்தின் டூலிப் ராலியில், பனியில், இம்ப் ஓட்டி மொத்தப் போட்டியையும் வென்றவர் ரோஸ்மேரி ஸ்மித் என்ற அயர்லாந்துப் பெண். வழிகாட்டி வேலரி டோம்லியோவும் பெண். பெண்களுக்கென்று வைத்த கோப்பை அல்ல, முதல் பரிசு. அடுத்த வருஷம் மான்டி கார்லோவில் அவருக்குக் கிடைத்த மகளிர் கோப்பையை, முகப்பு விளக்கு விதிப்படி இல்லை என்று மினிகளைத் தள்ளிய அதே குற்றச்சாட்டைச் சொல்லிப் பறித்தார்கள். மினிக்கு நடந்த அநியாயம் உங்கள் கட்டுரையில் முழுப் பத்தி. இவருக்கு ஒரு வரியும் இல்லை.

திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். சந்தேகம் இருந்தால் உங்கள் படத்தையே மறுபடி பாருங்கள். மினிக்கு எஞ்சின் முன்னால். படத்தில் இருப்பவர் காரின் பின்பக்கம் குனிந்து ஸ்பேனர் பிடித்திருக்கிறார். பெட்டி படுக்கையையா முடுக்குகிறார்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர் ஒருவர்,
கணபதி, கோவை.