கிட்டங்கியில் ஓர் இடம் கேட்டு

வளைகுடா நகரங்களில் இயங்கும் செட்டிநாட்டு ஊர்ச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும், காரைக்குடியில் இருந்தபடி அவர்களுக்கு யோசனை சொல்லும் பெரியவர்களுக்கும்,

வணக்கம். பள்ளத்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். துபாயில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை. கோடை விடுமுறைக்கு வந்திருக்கிறேன். போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. முதல் மாதத்திலேயே எழுதியிருந்தால் புலம்பலாகப் போயிருக்கும். இப்போது எனக்கு எந்த உதவியும் தேவையில்லை என்பதால், புதிதாக வரும் பெண்களுக்குத் தங்க ஓர் இடம் வேண்டும் என்று தைரியமாகக் கேட்கிறேன்.

கசகசாவிலிருந்து தொடங்குகிறேன். புறப்படுவதற்கு முந்தின இரவு அம்மா மசாலாச் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பட்டை, அன்னாசிப்பூ, கல்பாசி, சோம்பு, கால் கிலோ கசகசா. தனித்தனிப் பொட்டலம், நூல் சுற்றியது. வழியனுப்ப வந்த பக்கத்துத் தெரு அண்ணன் சார்ஜாவில் லாரி ஓட்டியவர். பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, அந்தக் கசகசாவை முதலில் வெளியே எடுங்கள். மகளை வேலைக்கு அனுப்புகிறீர்களா, ஜெயிலுக்கா?" என்றார். அம்மா சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் கணக்கில் சேர்த்தி. தெரியாமல் கொண்டுபோய் மாட்டிக்கொண்டு சிறைக்குள் போனவர்கள் உண்டு. நாம் குருமாவுக்கு அரைக்கிற கசகசா!

பி.எட். வகுப்பில் இதை யாரும் சொல்லவில்லை. சான்றிதழில் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று முத்திரைமேல் முத்திரை வாங்கித் தந்த ஏஜென்ட்டும் சொல்லவில்லை. பள்ளி அனுப்பிய பதினோரு பக்கக் கடிதத்தில் ஆசிரியைகள் எந்த நிறச் சால்வை போடலாம் என்பதுவரை இருந்தது, இது இல்லை. (துபாயில் மூலைக்கு மூலை செட்டிநாடு சிக்கன் கிடைக்கும், கசகசா சேராமல். ருசிக்காததற்குச் சமையல்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது.)

போய் இறங்கியதும் பள்ளி ஏழு நாளுக்கு அறை கொடுத்தது. எட்டாம் நாள் காலையில் சாவியைக் கேட்டது. வீடு பிடிக்கலாம் என்று போனால் வாடகையை மாதாமாதம் யாரும் வாங்குவதில்லை. ஒரு வருட வாடகைக்கு நான்கு காசோலையோ இரண்டோ முன்தேதி போட்டுக் கொடுக்க வேண்டும். காசோலைக்கு வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குக்கு எமிரேட்ஸ் ஐடி என்ற அந்நாட்டு அடையாள அட்டை வேண்டும். ஐடிக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, விசா. எல்லாம் முடிய எனக்கு மூன்றரை வாரம் ஆயிற்று. இதற்கு மேல் தரகருக்கு ஐந்து சதவீதம், வீட்டுக்காரருக்கு முன்பணம் ஐந்து சதவீதம், தேவாவுக்கு 2,000 திர்ஹம். தேவா என்பது அங்கே மின்சார, குடிநீர் வாரியத்தின் பெயர். ஆண்டவனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என் கைப்பையில் இருந்தது வளையலை அடகு வைத்து மாற்றிய 1,500 திர்ஹம். சம்பளம் செப்டம்பர் கடைசியில்தான்.

ஆகவே பெட் ஸ்பேஸ். ஓர் அறையில் ஆறு பேர், அடுக்குக் கட்டில், குளிர்சாதனப் பெட்டியில் பெயர் ஒட்டிய ஒரு தட்டு, அடுப்புக்கு இரவு எட்டு முதல் எட்டரை வரை என் முறை. மற்றவர்களில் மூன்று பேர் இரவுப் பணி முடித்து வந்து தூங்கும் நர்ஸுகள். சாயங்காலம் விளக்குப் போட முடியாது. மேல் கட்டிலில் குப்புறப் படுத்து, போன் வெளிச்சத்தில் ஏழாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்தினேன். மைனஸ் மூன்றிலிருந்து மைனஸ் ஐந்தைக் கழித்து மைனஸ் எட்டு என்று ஒரு பையன் எழுதியிருந்தான். நான் சரி போட்டிருந்தேன். மறுநாள் வகுப்பில் அவனே எழுந்து, "மிஸ், விடை இரண்டு. நான் போட்டது தப்பு. நீங்கள் டிக் போட்டிருக்கிறீர்கள்" என்றான். பத்து வருடம் காரைக்குடியில் பாடம் நடத்தியவள் நான். அந்தச் சிவப்பு டிக் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பள்ளியைப் பற்றிக் குறை சொல்ல இந்த மடல் இல்லை. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். காலையில் அமீரகத்தின் கீதத்தை அரபியில் அவர்கள் பாட, நான் வாயசைத்துப் பழகி, இப்போது முழுதாகவே பாடுகிறேன்.

அந்த எட்டாம் நாளில்தான் உங்களில் ஒரு சங்கத்துக்குப் போன் செய்தேன். பெயர் வேண்டாம். எடுத்தவர் மரியாதையாகப் பேசினார். எந்த ஊர் என்றார். பள்ளத்தூர் என்றதும் குரல் மலர்ந்தது. அடுத்த கேள்வி: "எந்தக் கோயில்?" இளையாத்தங்குடி, மாத்தூர் என்று சொல்ல, நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தாரின் ஒன்பது குலக்கோயில்களில் ஒன்றும் என்னிடம் இல்லை. நாங்கள் நகரத்தார் அல்ல. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பொங்கல் விழாவுக்குக் கட்டாயம் வந்துவிடுங்கள் அம்மா" என்றார்.

அப்போது செப்டம்பர் மாதம்.

என் அப்பத்தாவின் தகப்பனார் ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் கடையில் சமையல்காரராக இருந்தவர். கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போனவர்கள் நகரத்தார். அடுப்பு எங்களவர் கையில். கப்பல் வரும் நாள் தெரிந்தால் துறைமுகத்தில் ஆள் நிற்குமாம். நகரத்தார் கடையும் தங்குமிடமுமாக வைத்திருந்த சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளும் புதியவர்களை அப்படித்தான் ஏற்றுக்கொண்டன. நீளமான கூடம், ஆளுக்கு ஒரு மேசைப்பெட்டி, ஓர் அலமாரி. பகலில் கடை, இரவில் அதே தரையில் பாய். எல்லாருக்கும் ஒரே சமையல். ஊரிலிருந்து கடையில் வேலை பழகப் புதிதாக வந்த பெட்டியடிப் பையன் எங்கே படுப்பது என்று ஒரு நாளும் யோசித்திருக்க மாட்டான்.

கிட்டங்கியைச் சொர்க்கமாக்கிக் காட்ட நான் வரவில்லை. மூன்று வருடம் பெண்டாட்டி பிள்ளை முகம் பார்க்காத வாழ்க்கை அது. வட்டிக்கு நிலத்தைப் பறிகொடுத்த பர்மிய விவசாயியைக் கேட்டால் கதையை வேறு மாதிரி சொல்லியிருப்பான். அதைத் தர்மம் என்றும் சொல்லமாட்டேன். படுக்க இடமில்லாத பையன் பேரேட்டில் தப்புப் போடுவான் என்று முதலாளிக்குத் தெரிந்திருந்தது. மைனஸ் எட்டுக்குச் சரி போட்ட எனக்கும் அது தெரியும்.

நான் கேட்பது சின்ன விஷயம். துபாயிலோ சார்ஜாவிலோ சங்கத்தின் பெயரில் ஓர் அறை, இரண்டு கட்டில். செட்டிநாட்டு ஊர்களிலிருந்து பள்ளி வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் ஐடி கைக்கு வரும்வரை தங்கட்டும். இலவசமாக வேண்டாம், முதல் இரண்டு சம்பளத்தில் திருப்பித் தருவார்கள். இன்னார் தங்குகிறார் என்று முறைப்படி பதிவு செய்துகொள்ளுங்கள், அந்த ஊரில் சட்டம் விளையாட்டல்ல. பணத்துக்கு வழி சொல்ல நான் யார்? பொதுக் காரியத்துக்கு வருமானத்தில் ஒரு பங்கு ஒதுக்கும் மகமை என்ற சொல்லே உங்களுடையது. ரங்கூனில் வட்டி விகிதத்தையே கோயிலில் கூடிப் பேசி முடிவு செய்தவர்களின் பேரப்பிள்ளைகள், இரண்டு கட்டிலுக்காக ஒரு சாயங்காலம் கூடமாட்டீர்களா?

கூடவே, காரைக்குடியில் ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. எங்களைப் போல விடுமுறைக்கு வந்தவர்கள் எப்படியும் ஊரில் இருப்போம். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் ஒன்றைத் திறந்துவிட்டால், அதன் வளவு (நடு முற்றம்) போதும். புறப்படப் போகிறவர்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆள் எடுக்கும் செலவை வேலை கொடுப்பவர்தான் ஏற்க வேண்டும் என்று அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. இங்கே ஏஜென்ட்டிடம் லட்சக்கணக்கில் கொட்டிவிட்டு வருகிறவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. பாஸ்போர்ட்டை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. மெட்ரோவில் சூயிங்கம் மென்றால் 100 திர்ஹம் அபராதம். கசகசா.

பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் எல்லாம் ஓர் இனத்தாரின் ஊர்கள் மட்டுமல்ல என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த வீடுகளைக் கட்டிய கொத்தனார் பேத்தியும், ஆத்தங்குடித் தரைக்கல் ஊற்றியவர் மகளும் இன்று பி.எட். முடித்துவிட்டுப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் நிற்கிறார்கள். போனை எடுக்கிறவர், கோயிலைக் கேட்பதற்கு முன்னால் எப்போது இறங்குகிறாய் என்று கேட்டால் போதும்.

தேவகோட்டையிலிருந்து ஒரு பெண் இந்த ஆகஸ்டில் வேறொரு பள்ளிக்கு வருகிறாள். அவளுக்கும் பள்ளியில் ஏழு நாள்தான் அறை. கசகசாவைச் சொல்லிவிட்டேன். எட்டாம் நாள் எங்கே போவது அக்கா என்று கேட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். அவளுக்கு விமானம் 24ஆம் தேதி.

இப்படிக்கு,
பள்ளத்தூர்க் கணக்கு ஆசிரியை