ஆட்டோவில் இருக்கிறதா, மேனுவலில் இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வணிகக் கட்டடங்களில் தானியங்கிக் கட்டுப்பாடு வைத்தால் மின்செலவு குறையும் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குறையும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 9 மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் 18 வருடமாக ஏசி பிளான்ட்டையும் மின் பேனல்களையும் பார்த்துக்கொள்கிறவன் நான். கட்டுரை கருவிகளை வாங்கி மாட்டியதோடு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர் பம்ப் டிரிப் ஆகிறது என்று கூப்பிட்டார்கள். அதைச் சரிசெய்துவிட்டுப் படியிறங்கும்போது 4-வது மாடி ஏஎச்யூ (காற்றைக் குளிர்வித்து மாடிக்கு ஊதித் தள்ளும் இயந்திரம்) அறையிலிருந்து புளோயர் சத்தம். ஞாயிறன்று அந்த மாடியில் ஆளே கிடையாது. கதவைத் திறந்து பார்த்தால் பேனலில் செலக்டர் சுவிட்ச் மேனுவலில் நிற்கிறது. அதன்மேல் ஒரு துண்டு டேப், டேப்பின் மேல் பேனாவால் எழுதிய தேதி. 8 மாதம் முந்தைய தேதி. கையெழுத்து என்னுடையது.

யோசித்தபோது ஞாபகம் வந்தது. ஏதோ மீட்டிங், ஒரே புழுக்கம் என்று மேலிருந்து போன்மேல் போன். கூட்டம் முடிந்ததும் திருப்பிவிடலாம் என்று மேனுவலில் போட்டேன். ஷிப்ட் முடிந்தது, வீட்டுக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து அந்த மாடிக்கு இரவும் கிடையாது, விடுமுறையும் கிடையாது. லட்சங்களைக் கொட்டி வைத்த கம்ப்யூட்டர் தினமும் மாலையில் "நிறுத்து" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சுவிட்ச் மேனுவலில் இருந்தால் அது சொல்வது மோட்டாருக்குப் போய்ச் சேராது. கன்ட்ரோல் ரூம் திரையில் பச்சை விளக்கு, "ஓடுகிறது" என்று. பொய் சொல்லவில்லை, பாவம்.

மறுநாள் டார்ச்சும் நோட்டுமாக எல்லா மாடியும் ஏறினேன். 18 ஏஎச்யூவில் 7 மேனுவலில் இருந்தன. எல்லாமே நான் போட்டதில்லை என்பதில் ஓர் அற்ப ஆறுதல்.

மேனுவலில் போட்டால் இன்னொரு நஷ்டமும் உண்டு. எங்கள் பேனல்களில் மேனுவல் என்றால், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி டிரைவ் முழு வேகத்தில் ஓடும். காற்றாடி வேகத்துக்கும் அது தின்னும் மின்சாரத்துக்கும் உள்ள கணக்கு விசித்திரமானது: வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், 51 சதவீதம். காற்று போகும் குழாயான டக்டில் எப்போதும் குறிப்பிட்ட அழுத்தம் நிற்கும்படி வைத்திருப்பதால் நேரில் அவ்வளவு சுத்தமாக வராது. ஆனாலும் டிரைவின் சின்னத் திரையில் கிலோவாட் இறங்குவதைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள்.

அடுத்தது சென்சார். 6-வது மாடியில் ஒரு பக்கம் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போய்ப் பார்த்தால், வெப்பநிலை சென்சாருக்கு நேர் கீழே யாரோ ஒரு பெரிய பிரின்டரை நகர்த்தி வைத்திருக்கிறார்கள். அது ஊதும் சூட்டை அறையின் சூடு என்று நம்பி, குளிர்ந்த தண்ணீரை விடும் வால்வு முழுக்கத் திறந்தே கிடந்தது. பிரின்டரை நான்கடி தள்ளினோம், அவ்வளவுதான். கூட்ட அறையிலிருந்த கார்பன் டை ஆக்சைடு சென்சாரோ காலையில் ஆளில்லாதபோதும் 1,400 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 1,400 பங்கு) காட்டியது. வெளிக்காற்றிலேயே 420-க்குப் பக்கம்தான் இருக்கும். அதன் பேச்சைக் கேட்டு, காற்று வழியைத் திறந்து மூடும் டேம்பர் நாள் முழுவதும் வெளிக்காற்றை உள்ளே விட, அந்தக் காற்றையெல்லாம் சில்லர் என்ற பெரிய குளிரூட்டும் இயந்திரம் குளிரவைத்துக்கொண்டிருந்தது. வாங்கிய நாளிலிருந்து அந்த சென்சாரை யாரும் சரிபார்த்ததே இல்லை.

2017-ல் அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகம், அந்த நாட்டு வணிகக் கட்டடங்களில் கட்டுப்பாடுகளைச் சரியாக அமைத்து ஓட்டினால் சுமார் 29 சதவீத ஆற்றல் மிச்சமாகும் என்று கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு ஆள் இருக்கும் நேரத்துக்கு மட்டும் ஏசி, இரவில் செட் பாயின்டை, அதாவது வைத்திருக்கச் சொல்லும் வெப்பநிலையை, தளர்த்துவது போன்ற சாதாரண வேலைகள். செயற்கை நுண்ணறிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இந்தத் துறைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவர் வாரன் ஜான்சன் என்ற கல்லூரிப் பேராசிரியர். 1883-ல் அவர் காப்புரிமை பெற்ற கருவி, வகுப்பறையில் சூடு மாறினால் கீழே பாய்லரைப் பார்த்துக்கொள்பவருக்கு மணி அடித்துச் சொல்லும். மணி அடித்தபின் போய்ச் சரிசெய்தது அந்த ஆள்தான். இன்று திரையை முதலாளியின் மேசையில் வைக்கிறார்கள். சுவிட்ச் இருக்கும் அறையில் வேலை செய்கிற எங்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி. நேரப் பட்டியலில் அரை மணி மாற்றக்கூட, நிறுவிய கம்பெனிக்கு மெயில் போட வேண்டும். பயிற்சி? வந்த அன்று ஒரு மணி நேரம், கையில் ஒரு தடித்த புத்தகம்.

இப்போது ஒவ்வொரு செலக்டர் சுவிட்சிலிருந்தும் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு வயர் இழுத்துக் கொடுத்திருக்கிறோம். மேனுவலில் 2 மணி நேரத்துக்கு மேல் நின்றால் திரையில் அலாரம் அடிக்கும். வயர் இழுக்க 3 நாள் ஆனது. அலாரம் வைப்பதற்கான பாஸ்வேர்டு அந்தக் கம்பெனியிடமிருந்து வந்துசேர 5 வாரம் ஆனது.

இப்படிக்கு,
ஒரு கட்டடப் பராமரிப்பு மேற்பார்வையாளர்