டிசம்பர் 1-க்குள் அந்தத் தாள் கைக்குப் போகட்டும்

நியூஜெர்சியில் உணவகமும் மளிகைக் கடையும் நடத்தும் தமிழ் முதலாளிகளுக்கு,

வணக்கம். உங்களைப் போன்ற ஒருவரிடம் சம்பளக் கணக்கு பார்ப்பவன் நான். உங்களில் பலர் பணியாளர்களுக்கு சேஃப் ஹார்பர் 401கே, அதாவது முதலாளியும் பங்கு போடும் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம், வைத்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. அந்தத் திட்டத்தைப் பணியாளருக்கு விளக்கும் ஆண்டு நோட்டீஸ் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலாளி எவ்வளவு சேர்த்தார், பணியாளர்கள் எவ்வளவு சேர்த்தார்கள் என்று ஆண்டுதோறும் ஒப்பிடும் சோதனை இந்தத் திட்டத்தில் இல்லை. அதனால் உங்கள் சம்பளத்திலிருந்து முழு வரம்பையும், 2025-இல் 23,500 டாலரை, தடையில்லாமல் போட்டுக்கொள்கிறீர்கள். அதற்கு ஈடாகத் தருவதுதான் பணியாளருக்கான பங்கு. அதைத் தர்மமாக நினைக்க வேண்டாம்.

அடிப்படை மேட்சில் (பணியாளர் போடுவதைப் பொறுத்து நீங்கள் போடும் முறை), அவர் சம்பளத்திலிருந்து போடும் முதல் 3 சதவீதத்துக்கு அதே அளவும் அடுத்த 2 சதவீதத்துக்குப் பாதியும் தருகிறீர்கள். ஆண்டுக்கு 40,000 டாலர் வாங்குபவர் 2,000 போட்டால் உங்கள் பங்கு 1,600. அவர் போடாவிட்டால் உங்களிடமிருந்தும் ஒன்றும் வராது. ஆகவே அவருக்கு விஷயம் தெரிந்தாக வேண்டும்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் உணவகத்தில், தோசைக்கல்லில் நிற்கும் அண்ணன் ஒருவர் நாலாக மடித்த தாள்களை என்னிடம் நீட்டினார். "தம்பி, இது வரி சமாச்சாரமா? வருஷா வருஷம் சம்பளக் கவர்ல வருது." மூன்று வருட நோட்டீஸ், எல்லாம் ஆங்கிலத்தில். மடிப்பில் எண்ணெய்க் கறை. அவர் சேரவே இல்லை. அதனால் அவர் இழந்த முதலாளி பங்கைக் கணக்குப் போட்டேன்: 4,800 டாலர். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேட்ச் திட்டத்துக்கு நோட்டீஸ் ஆண்டு தொடங்க 30 நாளுக்கு முன், 90 நாளுக்கு மிகாமல் தர வேண்டும். ஜனவரியில் ஆண்டு தொடங்கும் திட்டமென்றால், அக்டோபர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் 1 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதியைப் பெரும்பாலும் தவறவிடுவதில்லை நாம். ஆனால் சராசரிப் பணியாளருக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. சமையலறை முழுக்கத் தமிழ் பேசினால், கூடவே தமிழில் ஒரு பக்கம் வைப்பதுதான் அதற்கு நேர்மையான வழி.

பணியாளர் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் எல்லோருக்கும் சம்பளத்தில் 3 சதவீதம் போடும் முதலாளிகளுக்கு இன்னொரு வார்த்தை. என் மனதில் உயர்ந்த இடம் உங்களுக்குத்தான். ஓய்வுக்காலச் சேமிப்புக்கான 2019-ஆம் ஆண்டின் செக்யூர் சட்டம், 2020 முதல் உங்களுக்கு ஆண்டு நோட்டீஸைத் தள்ளுபடி செய்துவிட்டது. சட்டம் விட்டாலும் நீங்கள் விடாதீர்கள். வழக்கமான சேஃப் ஹார்பரில் அந்தப் பணம் போட்ட நாளிலிருந்தே முழுக்கப் பணியாளருடையது. அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாமல் வேறு ஊருக்கு வேலை மாறிப் போகிறவர்கள் உண்டு.

நவம்பரில் ஒரு சம்பள நாளில், அடுப்பு பற்றவைக்கும் முன் பத்து நிமிடம் கொடுங்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எவ்வளவு போட்டால் எவ்வளவு வரும் என்று அவரவர் சம்பளத்தை வைத்தே சொல்லுங்கள். சேரும் படிவத்தையும் அங்கேயே நீட்டுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவரின் கணக்குப்பிள்ளை