அணை நீர்மட்டக் கட்டத்தில் குளங்களுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவைக் குளக்கரை நடைபாதைகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விளக்கு, சைக்கிள் பாதை, செல்ஃபி எடுக்கும் இடம் எல்லாம் படத்தோடு வந்திருந்தது. குளத்துக்குத் தண்ணீர் எந்த வாய்க்காலில் வருகிறது, இப்போது எவ்வளவு நிற்கிறது என்று ஒரு வரி இல்லை. உங்களிடம் ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். அதற்கு முன் மெக்சிகோவில் உள்ள ஓர் ஏரிக்கரை ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், பூகோளப் பாடம் நடத்தியே தலை நரைத்தவள் நான்.

என் மகன் குவாதலஹாரா நகரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். அங்கே போயிருந்தபோது பார்த்த ஊர் சப்பாலா. ஹலீஸ்கோ மாநிலத்தில், மெக்சிகோவின் மிகப் பெரிய ஏரியின் வடகரையில் இருக்கும் நகராட்சி. ஏரிக்கும் அதன் பெயர்தான். குவாதலஹாராவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். முதுகுப்புறம் மலை, முன்னால் தண்ணீர், நடுவில் கிடைத்த ஒடுங்கிய நிலத்தில் ஊர். கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட நம் ஏற்காட்டு உயரம். வெயில் இருக்கிறது, புழுக்கம் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓய்வு பெற்றவர்கள் பக்கத்திலேயே அஹிஹிக் என்ற பகுதியில் வீடு பிடித்து உட்கார்ந்திருப்பதற்கு இந்தச் சீதோஷ்ணம்தான் காரணம்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், நிரம்பிய சப்பாலா ஏரி மூன்று மேட்டூர் அணை. மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., இது 280 டி.எம்.சி.க்குச் சற்றுக் குறைவு. நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர், அதாவது கோவையிலிருந்து பெருந்துறை வரை. ஆனால் மேட்டூர் 120 அடி என்றால் இங்கே ஆழமான இடத்திலேயே முப்பத்துச் சொச்சம் அடிதான். இவ்வளவு அகலமாகவும் மேலோட்டமாகவும் கிடக்கும் தண்ணீரை வெயில் சும்மா விடுமா? குவாதலஹாராவின் குடிநீரில் பாதிக்கு மேல் இந்த ஏரியிலிருந்துதான் போகிறது. அந்த மாநகரம் குடிப்பதைவிட ஆவியாகிப் போவது பல மடங்கு அதிகம்.

ஊரில் பார்க்க வேண்டியவை என்று காட்டுவது இரட்டைக் கோபுரம் வைத்த பிரான்சிஸ்கன் தேவாலயம், ஏரிக்குள் நீளும் படகுத்துறை, கரையோர நடைபாதை, பணக்காரர்கள் கட்டிய பழைய மாளிகைகள். 1900களின் தொடக்கத்தில் அதிபர் போர்ஃபிரியோ டயஸ் ஈஸ்டர் விடுமுறைக்கு இங்கே வரத் தொடங்கியதும் பெரிய மனிதர்கள் எல்லோரும் பின்னாலேயே வந்து வீடு கட்டினார்கள். அது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

என்னை நிறுத்திவைத்தது ரயில் நிலையம். கியர்மோ தெ ஆல்பா என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1920இல் திறந்தது. இன்றைக்கும் கல்யாண மண்டபம் மாதிரி மிடுக்காக நிற்கிறது. ரயில்தான் வருவதில்லை. 1926இல் ஏரி பெருகித் தண்டவாளத்தை மூழ்கடித்தது, அதோடு ரயில் போக்குவரத்து முடிந்தது. இப்போது அது கலாச்சார மையம். ரயில் ஓடியது ஆறே வருஷம்!

ஏரி பெருகிய கதையோடு ஏரியைச் சுருக்கிய கதையும் உண்டு. அதே 1900களின் தொடக்கத்தில் கிழக்கு முனையில் கரை போட்டு ஏறத்தாழ ஒண்ணேகால் லட்சம் ஏக்கரை ஏரியிலிருந்து வெட்டி வயலாக்கிவிட்டார்கள். அப்புறம் 1955இல் ஒரு வறட்சி. 2002இல் இன்னொன்று. அந்த ஆண்டு ஏரியில் மிஞ்சியது சுமார் 40 டி.எம்.சி., நிரம்பிய பவானிசாகரைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். சில இடங்களில் தண்ணீர் கரையை விட்டு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உள்வாங்கியது. வெறும் ஏரிப்படுகையில் வெள்ளாமை செய்தார்கள். நடைபாதை இருந்தது, படகுத்துறை இருந்தது, மாளிகைகளும் இருந்த இடத்தில்தான் இருந்தன.

இதில் சப்பாலா நகராட்சியால் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் லெர்மா ஆறு தொலூக்கா பக்கம் தொடங்கி ஐந்து மாநிலங்களில் 700 கிலோமீட்டர் ஓடி வருகிறது. வழியெல்லாம் அணைகள், பாசனம், தொழிற்சாலைகள், சலமாங்காவில் ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. கடைமடையில் உட்கார்ந்திருக்கும் ஊர் சப்பாலா. ஏரியைக் காப்பாற்ற மேலேயுள்ள அணைகளைத் திறந்தபோது குவானஹுவாதோ மாநில விவசாயிகள் கொதித்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பயிரை வைத்துக்கொண்டு தண்ணீரைத் தாரை வார்க்க யாருக்கு மனசு வரும்? 2003 மழை கைகொடுத்தது. 2004இல் ஐந்து மாநிலங்களும் மத்திய அரசும் பங்கீட்டு ஒப்பந்தம் ஒன்றுக்கு வந்தன. காவிரிக்காரர்களான நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஏரிக்குள் தேள் தீவு என்று ஒன்று இருக்கிறது. தேளுக்குப் பயந்து போகாமல் இருக்க வேண்டாம், வடிவத்தால் வந்த பெயர் என்றார்கள். ஊயிச்சோல் பழங்குடியினருக்கு நடுவையும் சேர்த்து ஐந்து திசைகளில் ஐந்து புனிதத் தலங்கள், அதில் தென்திசைக்கானது இந்தத் தீவு. பக்கத்து நகராட்சியின் மெஸ்காலா தீவிலோ 1812 முதல் 1816 வரை உள்ளூர்ப் பழங்குடி மக்கள் ஸ்பானியப் படையை எதிர்த்து நின்றார்கள். ஆயுதத்தை வைத்துவிட்டால் தண்டனை இல்லை என்று சமரசம் பேசித்தான் ஸ்பானியர்களால் தீவைப் பெற முடிந்தது.

கரையில் ஒரு பாட்டி தட்டு நிறைய சரால் என்ற விரல் நீள மீனைப் பொரித்து வைத்திருந்தார். எலுமிச்சை பிழிந்து மிளகாய்த் தூள் தூவித் தந்தார். நான் சைவம், மருமகள் காலி செய்தாள். அவருக்குப் பின்னால் தண்ணீர் ஓரமாகப் பச்சைப் பசேல் என்று ஒதுங்கியிருந்தது என்ன தெரியுமா? நம்முடைய ஆகாயத்தாமரை! உக்கடத்திலும் சிங்காநல்லூரிலும் பார்த்துச் சலித்த அதே செடி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தக் கரைக்கு மொத்தமாக நகர்ந்துவிடுமாம். இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைக் கரைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேரிலிருந்து கறுப்பாகச் சேறு வடிந்தது.

நம் நொய்யலின் கதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, கீழே இருந்த தோட்டங்கள் பாழாகி, 2011இல் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது வரை நாம் பார்த்ததுதானே. சூலூர் குளக்கரையில் நடக்க வருகிறவர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "ஏனுங்க டீச்சர், குளத்துல தண்ணி நிக்குதுல்லங்க, அப்புறம் என்னங்க?" மாசி, பங்குனியிலும் ஒரு சாண் குறையாமல் நிற்கிற தண்ணீர் மழைத் தண்ணீர் இல்லைங்க என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார்.

சப்பாலா ஏரியின் மட்டத்தை அந்த மாநில நீர் ஆணையம் நாள்தோறும் வெளியிடுகிறது. ஒரு சென்டிமீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் செய்தி.

என் கோரிக்கை இவ்வளவுதான். மேட்டூர், பவானிசாகர், சிறுவாணி நீர்மட்டத்தைத் தினமும் கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். அதற்குக் கீழே வாரம் ஒருமுறை உக்கடம் பெரியகுளம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர் என்று குளங்களுக்கும் நாலு வரி ஒதுக்குங்கள். எத்தனை அடி தண்ணீர், நொய்யல் வாய்க்காலில் வரத்து உண்டா, வருவது ஆற்றுத் தண்ணீரா சாக்கடையா, இது மூன்றும் போதும். சூலூருக்கு ஆள் தேட வேண்டாம். மதகுப் பக்கம் ஓர் அளவுகோல் நட்டுக் கொடுத்தால் பார்த்து எழுதி அனுப்ப நானும் என்னிடம் படித்த பிள்ளைகளும் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியை,
சூலூர்.