பேணிக்குள் கிடந்த கண்ணி

கல்லடி,
மட்டக்களப்பு.

மச்சான்,

உன் குரல் பதிவு கேட்டேன். பதினொரு நிமிடத்தில் எட்டு நிமிடம் மகன் புராணம். பொடியன் ஸ்பிரிங் கைப்பிடி வாங்கிக் காலை மாலை நசுக்குகிறான், ஆணி வளைக்கப் போகிறானாம், சங்கிலி அறுக்கப் போகிறானாம். "இந்தப் பைத்தியம் முந்தி உனக்குத்தானே இருந்தது, ஏதாவது சொல்லித் துலை" என்று முடித்திருக்கிறாய். போனில் சொன்னால் இடையில் புகுந்து பகிடி விடுவாய். அதனால்தான் கடிதம்.

ஊர்ப் புதினம் பெரிதாக இல்லை. படுவான்கரையில் வெட்டு முடிந்து, நெல் வாங்க வந்தவன் சொன்ன விலைக்குத் தலையாட்டியும் ஆகிவிட்டது. நிலாக் காலத்தில் பழைய பாலத்தடிக்குப் போனால் மீன் பாட்டுக் கேட்க வந்தவர்களைவிட ஐஸ்கிரீம் தின்ன வந்தவர்கள்தான் கூட. உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி. என்னை ஏசுகிற பலம் மட்டும் குறையவில்லை.

சரி, மகன் கதைக்கு முன்னால் நமக்குள் ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது. சூறாவளி அடித்து மூன்று நாலு வருசம் கழித்து, கோயில் திருவிழாவில் ஒருவன் நெஞ்சில் சங்கிலி சுற்றி மூச்சை இழுத்து அறுத்தானே, அந்த வழக்கு. பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் கண்ணி தெறித்து நம் காலடியில் விழுந்தது. "அரத்தால் ராவி வைத்திருக்கிறான்" என்றாய் நீ. "உனக்குப் பொறாமை" என்றேன் நான். நாலு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

அந்தக் கண்ணி இன்னும் என்னிடம் இருக்கிறது, தெரியுமா? போன மாதம் அலுமாரி துப்புரவாக்கும்போது பழைய பவுடர் பேணிக்குள் கிடந்தது. கண்ணாடி போட்டு, வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அரத்தின் தடம் ஒன்றும் இல்லை. ஆனால் பற்றவைத்த ஒட்டும் இல்லை. கம்பியை எட்டு மாதிரி முறுக்கி, இரண்டு முனையையும் சும்மா வளைத்து விட்ட சாதி அது. நாய்ச் சங்கிலி என்று கடையில் தொங்குமே, அதில் தடித்த இனம். அதன் வாய் ஒரு பக்கம் திறந்தபடி இருந்தது. அவன் நெஞ்சில் சங்கிலி அறுந்துபோகவில்லை மச்சான், கண்ணி விரிந்திருக்கிறது.

உடனே "நான் சொன்னேனே" என்று குதிக்காதே. ஹாட்வெயார் கடையில் அதே தடிப்பில் ஒரு யார் வாங்கிவந்து கொட்டில் வளையில் தொங்கவிட்டு, 50 கிலோ சீமெந்து மூட்டை ஒன்றைக் கட்டினேன். கண்ணி அசையவில்லை. இரண்டாவது மூட்டையையும் கட்டிய பிறகுதான் ஒரு கண்ணி மெல்ல வாய் திறந்தது. அந்த மனிதன் இதை விலா எலும்பாலும் முதுகுச் சதையாலும் செய்தான். சங்கிலியைத் தெரிந்தெடுத்தது அவன் கெட்டித்தனம், திறந்தது அவன் பலம். நம் ஊர்க் கொம்புமுறி விளையாட்டை நினைத்துப் பார். வடசேரி, தென்சேரி என்று இரண்டு கட்சி நின்று, கொம்பைக் கொம்பில் கொழுவி, வடம் பிடித்து இழுக்கிறார்கள். எந்த மரத்தில், எந்த வளைவில் கொம்பு வெட்டுவது என்பதில்தான் பாதி விளையாட்டு. அதை யாராவது கள்ள ஆட்டம் என்றார்களா? நீ பாதி வென்றாய், நான் பாதி வென்றேன். வழக்குச் செலவை ஆளுக்குப் பாதி போடுவோம்.

மகனுக்கு முதலில் இதைச் சொல்: பற்றவைத்த கண்ணியுள்ள சங்கிலி, நங்கூரச் சங்கிலி, பாரம் தூக்கும் சங்கிலி எதையும் அறுக்கப் போகக் கூடாது. அது திறக்காது, அவன் தோள்தான் திறக்கும். சரியான சங்கிலி என்றாலும் கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இழுக்கக் கூடாது. என் சீமெந்து மூட்டை விளையாட்டிலேயே கடைசியில் ஒரு துண்டு தெறித்துத் தகரத்தில் பட்டது. சத்தம் கேட்டு உன் தங்கச்சி ஓடிவந்து பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. எனக்குப் பிரஷர் இருப்பதால் நெஞ்சில் கட்டுகிற ஆசையை விட்டுவிட்டேன். மூச்சை அடக்கி முக்குகிற வேலை அது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆந்திராவின் கோடி ராமமூர்த்தி நாயுடு இப்படி நெஞ்சில் சங்கிலி அறுத்துத்தான் பெயர் எடுத்தார். அவர் ஊர் ஊராகக் காட்டிய வித்தையின் ஏதோ ஒரு வால்தான் நம் திருவிழாவுக்கும் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆணிதான் எனக்குத் தெரிந்த பாடம். 1978 நவம்பர்ச் சூறாவளியில் கூரை எல்லாம் போன பிறகு, அப்பா உடைந்த மரங்களில் இருந்து ஆணி பிடுங்கித் தர, நீயும் நானும் கல்லில் வைத்துச் சுத்தியலால் நிமிர்த்துவோமே. எவ்வளவு தட்டினாலும் பழைய வளைவு நிமிராது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு வளைவு விழுந்து, ஆணி பாம்பு மாதிரி ஆகும். அப்பா நம்மைத்தான் ஏசினார். பாவம், நம்மில் பிழை இல்லை. ஒருமுறை வளைந்த இடத்தில் இரும்பு முந்தியதைவிட இறுகிவிடுகிறது. அடுத்த தட்டுக்கு, இறுகாத பக்கம்தான் இடம் கொடுக்கும்.

வளைப்பதில் தடிப்புத்தான் எல்லாம். 5 மில்லிமீற்றர் கம்பிக்கும் 6 மில்லிமீற்றர் கம்பிக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் தேவைப்படும் பலம் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. ஐந்தை மூன்று முறை பெருக்கினால் 125, ஆறைப் பெருக்கினால் 216. ஒரு மில்லிமீற்றருக்கு ஒன்றே முக்கால் மடங்கு! நீளம் குறைந்தாலும் கஷ்டம், நெம்ப இடம் இல்லாமல் போகும். அதனால் சின்ன ஆணி இலகு என்று நினைத்து நாலு அங்குல ஆணியில் தொடங்குகிறவன் ஏமாறுவான். தூணுக்கு வளையம் வளைக்கிற 6 மில்லிமீற்றர் கம்பியை எட்டு அங்குலத்தில் வெட்டித் தொடங்கச் சொல். அது வசப்பட்டதும் அரை அங்குலம் அரை அங்குலமாகக் குறைக்கலாம். அமெரிக்காவில் இதற்கென்றே சிவப்பு ஆணி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 7 அங்குல நீளம், 8 மில்லிமீற்றருக்குக் கிட்டத் தடிப்பு. அதை வளைத்தவன் பெயரைப் பட்டியலில் போடுவார்கள். அதை உன் மகன் இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம்.

வளைக்கும் விதம் இப்படி. இரண்டு முனையிலும் தடித்த துணியையோ தோலையோ இறுக்கிச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் முனை உள்ளங்கையில் இறங்கும். இரண்டு கையாலும் மேலிருந்து பிடித்து, நாடிக்குக் கீழே நெஞ்சோடு வைத்து, பெருவிரல்களை நடுவில் முட்டுக் கொடுத்து அமத்து. முதல் நெளிவு விழுவதுதான் பெரும்பாடு. ஒன்றுமே நடக்காத மாதிரி மூன்று நாலு வினாடி போகும், பிறகு திடீரென்று வெண்ணெய் மாதிரி இளகும். அங்கே நிறுத்தாமல் செங்கோணம் வரை கொண்டுபோய், விரல்களைக் கோத்து இரண்டு முனையையும் நசுக்கிச் சேர்க்க வேண்டும். முடிந்ததும் வளைவைத் தொட்டுப் பார், கொதிக்கும். முதல் தடவை நான் கன்னத்தில் வைத்துப் பார்த்து "ஆ" என்று கத்தினேன்.

இனி என் மடைத்தனம். 45 வயதில் திரும்ப ஆசை வந்து, தினமும் ஆணி வளைத்தேன். மூன்றாம் கிழமை வலது முழங்கையின் உள்பக்கத்தில் ஊசி குத்துவது போல ஒரு நோ. நல்லெண்ணெய் போட்டு நீவி, அடுத்த நாளும் வளைத்தேன். பிறகு மூன்று மாதம் கிணற்றில் வாளி இழுக்க முடியவில்லை, தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் பிடித்தேன். ஆசுபத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் பிள்ளைதான் விளங்கப்படுத்தினாள். விரலுக்குள் சதையே கிடையாதாம். விரலை மடக்குகிற சதை பெரும்பாலும் முன்கையில் இருக்கிறது, நீளமான தசைநாண் கயிறுகள்தான் மணிக்கட்டு வழியாகப் போய் விரலை இழுக்கின்றன. சதைக்கு இரத்தம் தாராளம், அது சீக்கிரம் பலக்கும். கயிற்றுக்கு இரத்தம் குறைவு, அது ஆறுதலாகத்தான் பலக்கும். சதை முன்னுக்கு ஓட, கயிறு பின்னுக்கு நிற்க, இடையில் நான் அகப்பட்டேன். உன் மகன் காலை மாலை நசுக்குகிறான் என்றதும் எனக்கு முழங்கைதான் வலித்தது. கிழமைக்கு இரண்டு நாள், அதற்கு மேல் வேண்டாம்.

மற்ற நாளில் கையைத் திறக்கிற வேலை செய்யட்டும். சைக்கிள் ரியூப்பில் வளையம் வெட்டி ஐந்து விரலையும் சுற்றிப் போட்டு விரித்து விரித்து மூடலாம். வாளி நிறைய அரிசி போட்டு அதற்குள் கையை விட்டுப் பிசையலாம், திருகலாம், விரலை விரிக்கலாம். நான் புத்திசாலித்தனமாக நெல்லைப் போட்டேன். இரண்டு நாள் முழங்கை வரை சுணை. அரிசிக்கு மாறினேன், "சோத்துக்கு வைச்ச அரிசி" என்று வீட்டில் பிரளயம். கடைசியில் கல்லடிக் கடற்கரை மணல்தான் எனக்கு விதித்தது. அப்புறம் அலவாங்கு, குழி தோண்டுகிற கடப்பாரை. நடுவில் பிடிப்பது ஒன்றுமில்லை. ஒரு முனையில் பிடித்து மற்ற முனையை நிலத்திலிருந்து கிளப்பச் சொல், மணிக்கட்டு என்றால் என்ன என்று தெரியும். கனடாவில் அலவாங்கு கிடைக்காவிட்டால் நீட்டுப்பிடிச் சுத்தியல் போதும்.

இன்னொன்றும் சொல். அலெக்சாந்தர் சாஸ் என்று ஒருவர், முதல் உலகப் போரில் கைதியாகி அடைபட்ட இடத்தில் கம்பியையும் சங்கிலியையும் இழுத்து இழுத்தே பலம் சேர்த்தவர். பிறகு சர்க்கஸில் சாம்சன் என்று பெயர் எடுத்தார். அவர் கற்பித்தது அறாத சங்கிலியை இழுப்பது. நகராத ஒன்றை ஒரு சில வினாடி முழுப் பலத்தோடு இழுத்து விடுவது, அவ்வளவுதான். ஆள் உயரம் பற்றி மகன் கவலைப்பட்டால், ஜோ கிரீன்ஸ்டீன் கதையைச் சொல். 5 அடி 4 அங்குல மனிதர், ஆணியும் சங்கிலியும்தான் அவர் பிழைப்பு, 80 வயது தாண்டியும் மேடை ஏறினார்.

அடுத்த கிழமை கனடா திரும்புகிற நம் பக்கத்து வளவுப் பிள்ளையிடம் பவுடர் பேணியைக் கொடுத்துவிடுகிறேன். கைப்பைக்குள் வேண்டாம், பெட்டிக்குள் போடு என்று சொல்லியிருக்கிறேன். உள்ளே நான் வளைத்த ஆணி ஒன்று இருக்கிறது, மகன் நிமிர்த்திப் பார்க்கட்டும், பாம்பாகும். மற்றது அந்தக் கண்ணி. பூதக்கண்ணாடி வைத்து நீயே பார். அரத்தின் தடம் கிடைத்தால் எழுது.

உன் கூட்டாளி